எல்லையோர வாயனசாலை: பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் வாசிப்பு உரிமை

தமிழ்நாட்டின் களியக்காவிளையும் கேரளத்தின் பாறசாலையும் ஒரே நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த அங்காடி ஊர்கள். இவ்விரண்டுக்கும் இடையே பேச்சின் சாயல் பெரிதாக மாறுவதில்லை. கொள்வினை கொடுப்பினையும் கோயில், தேவாலயத் தொடர்புகளும் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. ஆயினும் பொதுமக்களுக்குப் புத்தகம் இரவல் தரும் கட்டடத்தின் பெயர் மட்டும் மாறிவிடுகிறது. ஒருபுறம் அது நூலகம். மறுபுறம் வாயனசாலை, சற்று முறையான வழக்கில் கிரந்தசாலை. இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் இரண்டு சட்டங்களும், இரண்டு வரி முறைகளும், இரண்டு நிர்வாக மரபுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு எழுத்துமுறைகளும் இருக்கின்றன. வாசிப்பை மனித உரிமை என்று கூறும்போது அந்த உரிமை நிலப்பரப்புக்கு உரியதா, வாசிக்கும் மனிதருக்கு உரியதா என்ற கேள்வி எழுவதற்குத் தமிழகத்தின் தென்மேற்கு விளிம்பில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

உரிமை என்ற சொல்லை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. கொடுப்பவர் விரும்பும்வரை நீடிப்பது சலுகை. கொடுக்கப்படாதபோது கேட்கவும் முறையிடவும் இடமளிப்பது உரிமை. ஆகவே உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தால், அதை நிறைவேற்றும் கடமை உடையவர் ஒருவரும் இருந்தாக வேண்டும். 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தில் வாசிப்பு என்ற தனித் தலைப்பு இல்லை. ஆனால் கருத்துரிமையைக் கூறும் 19ஆம் உறுப்பு, செய்தியையும் கருத்தையும் தேடவும் பெறவும் பரப்பவும் எல்லைகளைப் பொருட்படுத்தாத உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. 26ஆம் உறுப்பு கல்வியையும், 27ஆம் உறுப்பு சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் உரிமைகளாக வைக்கின்றன. இம்மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் புத்தகம் இருக்கிறது. 19ஆம் உறுப்பு பேசும் எல்லைகள் நாடுகளின் எல்லைகள் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலங்களுக்கு இடையே ஓடும் கோடு புத்தகத்தைத் தடுக்கக்கூடும் என்பது மனித உரிமை பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

எழுத்தின்மீதான உரிமை இந்த மண்ணில் எவ்வாறு கேட்கப்பட்டது என்ற வரலாறு மிக நீண்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகே உள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் பொ.ஆ. 866இல் ஒரு திருமால் கோயிலையும் அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது இங்கு மாணவர் தங்கி உண்டு பயிலும் கல்விநிலையம். காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விநிலையத்தின் மரபை ஒட்டி அமைக்கப்பட்ட இந்நிலையத்தின் விதிகளைத் தமிழில் எழுதப்பட்ட செப்பேடுகள் விரிவாகக் கூறுகின்றன: 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கு இடமுண்டு, அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டம் என்பனவும் அவற்றில் உள்ளன. ஒரு கல்விநிலையத்தை நடத்துவதற்கான நிலமும் நிதியும் ஒழுங்கும் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் இருந்தன என்பதற்கு இது வலுவான சான்று. அதே செப்பேடு வேறொன்றையும் காட்டுகிறது. அந்த 95 இடங்களும் வேதக் கிளைகளின் அடிப்படையில் பங்கிடப்பட்டவை. சாலைக்கு நிலம் உழுதவனின் பிள்ளைக்கு அங்கு இடமில்லை. கல்விக்கான ஏற்பாடு இருந்தது, உரிமை இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தால் பின்னால் வரும் ஆயிரம் ஆண்டுகளின் போக்கு தெளிவாகும்.

19ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில் எழுத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த மக்கள் இரண்டு வழிகளில் புத்தகத்தை நெருங்கினர். ஒன்று, சீர்திருத்தச் சபையினர் திறந்த வழி. லண்டன் மிஷனரி சங்கத்தினர் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் பள்ளிகளைத் தொடங்கினர்; 1820ஐ ஒட்டி நாகர்கோவிலில் அமைந்த அச்சகம் திருவிதாங்கூர் அரசுப்பகுதியின் அச்சு வரலாற்றைத் தமிழில் தொடங்கிவைத்தது. 1845இல் ஜான் ஆப்ஸ் பாறசாலையில் மிஷன் தலத்தைப் பொறுப்பேற்றபோது அந்தப் பள்ளி மரபு நெய்யாற்றின்கரைப் பகுதிக்குள் ஊன்றியது. மற்றொன்று, மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட வழி. அய்யா வைகுண்டரின் வழியில் வந்தவர்கள் அகிலத்திரட்டு அம்மானையைத் திருஏடு வாசிப்பு என்ற பெயரில் பதினேழு நாள் தொடர்ந்து உரக்க வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். 1841இல் எழுதப்பட்டதாக மரபு கூறும் இந்நூல் 1939இல்தான் அச்சேறியது. ஆனால் அச்சேறுவதற்கு முன்பே அது ஓலையிலும் குரலிலும் ஊர்தோறும் பரவியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத நூறு பேர் கேட்கும் அந்த ஏற்பாடு, வாசிப்பு என்பது தனியொருவர் அறைக்குள் அமர்ந்து செய்யும் செயல் மட்டுமன்று என்பதை நினைவூட்டுகிறது. புத்தக உரிமையைப் பற்றிய இன்றைய சட்டமொழி இத்தகைய கூட்டு வாசிப்புக்குப் போதிய இடம் தருவதில்லை. இது அந்தச் சட்டமொழியின் குறையே.

நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள் இந்தப் போராட்டம் மேலும் கூர்மையடைந்தது. நெய்யாற்றின் கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888இல் ஸ்ரீ நாராயணகுரு சிவப் பிரதிட்டை செய்தார். தமிழில் நன்கு பயின்று தமிழிலும் பாடல் இயற்றிய அவர், பின்னர் கல்வியைத் தம் இயக்கத்தின் நடுவில் வைத்தார். வெங்கானூரில் பிறந்த அய்யங்காளி, புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறக்க வேண்டும் என்று கேட்டு, அதற்காக வயல் வேலையை நிறுத்தும் அளவுக்குச் சென்றார். அரசு ஆணை பிறந்தபின்னும் கதவு தானாகத் திறக்கவில்லை: ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது எதிர்ப்பாளர்கள் பள்ளிக்கே தீயிட்டனர், அத்தீயில் கருகிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் நினைவுச்சின்னமாகப் பேணப்படுகிறது. நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த மற்றொருவர் சுதேசாபிமானி கே. ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி நடத்திய சுதேசாபிமானி இதழின் ஆசிரியராக இருந்து திவானின் ஆட்சியை விமர்சித்ததற்காக, 1910 செப்டம்பர் 26இல் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு, அவர் திருவிதாங்கூரை விட்டே வெளியேற்றப்பட்டார். தமிழ்நாட்டுப் பக்கம் அவரைக் கொண்டுவிட்டனர். ஒரு சிறுமி பள்ளிக்குள் அமர்வதற்கும் ஒரு பத்திரிகை வாசகரைச் சென்றடைவதற்கும் இவ்வளவு விலை கொடுத்த வட்டம் இது. வாசிப்பு உரிமையை இங்கு யாரும் ஐக்கிய நாடுகளின் ஏட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பொது நூலகம் என்ற நவீன நிறுவனத்தின் கதை இதற்குப் பிந்தியது. திருவனந்தபுரத்தில் 1829இலேயே பொது நூலகம் தொடங்கியிருந்தாலும், சிற்றூர்களுக்கு வாயனசாலை வந்தது மக்களின் முயற்சியால். நீலம்பேரூரைச் சேர்ந்த பி.என். பணிக்கர் 1945 செப்டம்பர் 14இல் அம்பலப்புழையில் 47 வாயனசாலைகளின் பேராளர்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை உருவாக்கினார். வாசித்து வளருங்கள் என்பதே அவ்வியக்கத்தின் அழைப்பு. அந்த ஆண்டில் திருவிதாங்கூர் என்பது அகஸ்தீஸ்வரத்தையும் தோவாளையையும் கல்குளத்தையும் விளவங்கோட்டையும் உள்ளடக்கியது என்பதைக் கேரள நூலக வரலாறும் தமிழக நூலக வரலாறும் போதிய அளவு கவனிப்பதில்லை. அதாவது அந்த இயக்கம் பிறந்தபோது குழித்துறைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே எந்த நிர்வாக எல்லையும் இல்லை. மறுபுறம், சென்னை மாகாணத்தில் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல்லாண்டு உழைப்பின் விளைவாக 1948இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. நூலக நடைமுறைக்கான விதியாக எழுதப்பட்ட அது, கூர்ந்து நோக்கினால் ஓர் உரிமைக் கூற்று. எந்த வாசகர், எந்த மொழி, எந்த மாநிலம் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை.

1956 நவம்பர் 1 இந்த இரண்டு மரபுகளுக்கும் நடுவே கோடு கிழித்தது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும், 1955இல் வந்த மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கையும் சேர்ந்து நான்கு தென் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு இணைத்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழ்ப்பகுதிகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. பெரும்பான்மை மலையாளம் என்பதால் அது கேரளத்தில் நின்றது. எல்லை எங்கே விழுந்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை மீண்டும் திறப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பேச்சு மெல்ல மெல்ல நிறம் மாறிச்செல்லும் ஒரு நிலத்தில் எங்கே கோடு கிழித்தாலும் அதன் இரு பக்கமும் சிறுபான்மையர் எஞ்சுவர். அவர்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே கேள்வி.

அந்தக் கடமையை அரசியலமைப்பு ஓரளவு எழுதிவைத்தது. 29ஆம் உறுப்பு தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பிரிவினருக்கும் அதைப் பேணும் உரிமையைத் தருகிறது. இங்கு எழுத்து என்பது மொழியிலிருந்து பிரித்துத் தனியே சொல்லப்பட்டிருப்பது எல்லையோர ஊர்களுக்கு மிக முக்கியம். மாநில மறுசீரமைப்பை ஒட்டி 1956இல் சேர்க்கப்பட்ட 350ஏ உறுப்பு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது. பள்ளியைப் பொறுத்தவரை எண்ணிக்கை அளவுகோலும் உண்டு: ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ அம்மொழி மாணவர் இருந்தால் ஆசிரியரைத் தர வேண்டும் என்று 1949இல் மாகாணக் கல்வியமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. கேரளத்தின் பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் சுமார் 5 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. அவர்களின் மனுவுக்கும் பாடப்புத்தகத்துக்கும் இவ்வாறு விதி உண்டு.

பள்ளியை விட்டு வெளியே வந்த பின் வாசிக்கும் புத்தகத்துக்கு அப்படி ஒரு விதி வகுக்கப்படவில்லை. குறை இங்கேதான் தொடங்குகிறது. நூலகம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. கல்வி 1976இல் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது, நூலகம் மாறவில்லை. ஆகவே தமிழ்நாட்டுச் சட்டத்தின் கை களியக்காவிளையோடு முடிகிறது. 1989ஆம் ஆண்டு கேரளப் பொது நூலகங்கள் சட்டத்தின் கை இஞ்சிவிளையில் தொடங்குகிறது. இரு சட்டங்களின் இயல்பும் வேறு. தமிழ்நாட்டில் நூலகம் அரசுத் துறை. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு உண்டு. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பகுதிநேர நூலகமும் அத்துறையின் உறுப்புகள். கேரளத்தில் வாயனசாலை ஊர்மக்கள் அமைத்த சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் குழு அதை நடத்துகிறது. தாலுகா, மாவட்ட, மாநில அளவில் தேர்தல்வழி அமைந்த நூலகக் கவுன்சில்கள் தரம் பார்த்து மானியம் தருகின்றன. இணைப்புப் பெற்ற வாயனசாலைகள் எட்டாயிரத்துக்கும் மேல். முதல் முறையில் ஊழியர் நிலைபெறுகிறார், ஊர்மக்கள் விலகி நிற்கின்றனர். இரண்டாவதில் ஊர்மக்கள் உள்ளே நிற்கின்றனர், ஊழியரின் ஊதியம் சிறுத்திருக்கிறது. மக்கள் பங்கேற்பு என்ற அளவில் கேரள முறை மேலானது என்றே கூற வேண்டும். மாலையில் வாயனசாலை முற்றத்தில் செய்தித்தாளும் விவாதமும் கலைவிழாவும் ஒன்றுகூடும் காட்சியைத் தமிழ்நாட்டு ஊர்ப்புற நூலகம் இன்னும் எட்டவில்லை.

அந்தச் சிறந்த முறைக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. புத்தகம் வாங்கும் முடிவு ஊர்க்குழுவின் பெரும்பான்மையைப் பொறுத்தது. மானியத்தின் புத்தகப் பங்கு பெரும்பாலும் மாவட்ட நூலகக் கவுன்சில்கள் நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் செலவிடப்படுகிறது. அத்திருவிழாக்கள் இயல்பாகவே மலையாளப் பதிப்பாளர்களின் களம். ஆக, யாரும் தமிழை விலக்க நினைக்காமலேயே, மக்களாட்சி முறையும் சந்தை முறையும் சேர்ந்து சிறுபான்மை மொழியின் அலமாரியைச் சுருக்கிவிட முடியும். பகை இல்லாத இடத்திலும் உரிமை மறுப்பு நிகழக்கூடும் என்பதை எல்லையோர ஊர்களைப் பற்றி எழுதுவோர் மறந்துவிடலாகாது. யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலக அறிக்கை இதைத்தான் முன்கூட்டியே கண்டது: வழக்கமான சேவையைப் பயன்படுத்த இயலாதவர்களுக்குத் தனிச்சேவையும் தனி நூற்றொகுதியும் அளிக்கப்பட வேண்டும் என்று கூறி, அப்படிப்பட்டவர்களின் வரிசையில் மொழிச் சிறுபான்மையரை முதலில் வைத்தது. கேரள நூலக இயக்கம் 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதைப் பெற்ற இயக்கம். அந்தப் பெருமைக்கு உரியவர்களிடம் இந்தக் கடமையை எதிர்பார்ப்பது மிகையாகாது.

எழுத்துமுறை பற்றிய சிக்கல் இதைவிட நுட்பமானது. எல்லையோரத்தில் வாய்க்கு ஒரு மொழி, கைக்கு ஒரு மொழி என்ற நிலை பழமையானது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் பயின்றவர். அவர் மனத்தில் ஓடிய தமிழ், முதலில் மலையாள எழுத்தில் தாளில் இறங்கிப் பிறகே தமிழ் எழுத்துக்கு மாற்றப்பட்டது. 1997இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஒருவரின் எழுத்துப்பயணம் இப்படித் தொடங்கியது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி பள்ளியில் மலையாளம் பயின்று, இளமையின் வாசலில்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். அந்த மலையாள அறிவே தகழியின் செம்மீனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. திருவனந்தபுரத்திலிருந்தே நகுலனும் நீல பத்மநாபனும் ஆ. மாதவனும் தமிழில் எழுதினர். இரு மொழிகளுக்கும் நடுவே பிறப்பது இழப்பு மட்டுமன்று, செல்வமும் ஆகும் என்பதற்கு இவர்களே சான்று. ஆனால் விதிவிலக்கான திறமை கடந்த தடையைக் கொண்டு எல்லோருக்கும் தடையில்லை என்று முடிவுகட்டுவது தவறு. பாலராமபுரத்தின் சாலியர் தெருக்களில், நெசவுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழ் தங்கியிருக்கிறது. அந்தத் தெருவிலோ பாறசாலையை அடுத்த சிற்றூர்களிலோ தமிழ் பேசி மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர், மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவு பெற்றவர். 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழு எழுத்தறிவு அறிவித்தபோது எண்ணப்பட்டவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். தம் பாட்டி பாடிய பாட்டு அச்சில் கிடைத்தும் அதை அவரால் வாசிக்க முடியாது. அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

இதற்கு நேர் எதிரான படம் எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் தெரிகிறது. விளவங்கோட்டில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கியது. 2017இல் கேரளம் மலையாள மொழி கற்றல் சட்டத்தின் மூலம் மலையாளத்தைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கியது. தன் மாநிலத்தின் மொழியை எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. வேலைக்கும் அலுவலகத்துக்கும் அது வேண்டியதே. ஆனால் பள்ளியில் ஒரு மொழி கட்டாயமாகும்போது, மற்ற மொழியை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு வீட்டின்மீதும் நூலகத்தின்மீதும் விழுகிறது. வீடு அதைப் பேச்சளவில் சுமக்கும்; எழுத்தளவில் சுமக்க வேண்டியது நூலகம். இரு மாநிலச் சட்டமன்றங்களும் பள்ளிக்கு விதி செய்த அதே வேளையில் நூலகத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்றும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப்புத்தகம் உட்பட எல்லாப் பாடத்து நூல்களும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதே சட்டம் பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பாறசாலைப் பகுதிப் பள்ளி நூலகத்தில் தமிழ்க் கதைப்புத்தகம் இருப்பது தலைமையாசிரியரின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததன்று; சட்டத்தின் இயல்பான பொருள் அதுவே. இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. மாணவருக்கு இணையத்தையே உரிமையாகக் கண்ட நீதிமன்ற மரபு, புத்தகத்தை உரிமையாகக் காண அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் எல்லையை அறியாமல் பாறசாலைக்கும் வந்துசேர்கின்றன. எனினும் திரை, முதியவருக்கும் சிறு குழந்தைக்கும் அச்சுப் புத்தகத்துக்கு ஈடாவதில்லை.

எல்லை கடந்த வாசிப்புக்கு உலகம் ஏற்கெனவே ஒரு வழியைக் கண்டிருக்கிறது. பார்வையற்றோருக்கும் அச்சு வாசிக்க இயலாத பிறருக்கும் உரிய வடிவில் நூல்கள் மிகக் குறைவாகவே கிடைப்பதைப் புத்தகப் பஞ்சம் என்று கூறுவர். அதைப் போக்க 2013இல் உருவான மராக்கேஷ் ஒப்பந்தம், பிரெய்லியிலோ ஒலிவடிவிலோ ஆக்கப்பட்ட நூல் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பதிப்புரிமைத் தடையின்றிச் செல்ல வழிசெய்தது. 2014இல் அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியா; 2016 செப்டம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தின் உட்கருத்து எளியது: வாசகர் ஓரிடத்திலும் அவருக்குரிய நூல் வேறிடத்திலும் இருந்தால், நகர வேண்டியது நூல். நாடுகளுக்கு இடையே இது இயலுமானால் இரண்டு மாவட்டங்களுக்கு இடையே இயலாமற் போவதற்குக் காரணம் இல்லை.

மாநிலப் பட்டியலில் இருப்பது ஒப்பந்தத்துக்குத் தடையும் அன்று. பரம்பிக்குளம் ஆழியாறு நீரைப் பகிர்ந்துகொள்ளத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் ஒப்பந்தம் செய்தன. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இரு மாநில அரசுப் பேருந்துகளும் ஓடுவது இரு அரசுகளின் உடன்பாட்டின்படியே. அதே முறையில் கன்னியாகுமரி மாவட்ட நூலக ஆணைக்குழுவும் நெய்யாற்றின்கரைத் தாலுகா நூலகக் கவுன்சிலும் புத்தகப் பரிமாற்ற உடன்பாடு செய்துகொள்ள முடியும்: குழித்துறைப் பக்கத்திலிருந்து ஐநூறு தமிழ் நூல்கள் பாறசாலை வட்டார வாயனசாலைகளுக்கும், அங்கிருந்து அதே அளவு மலையாள நூல்கள் விளவங்கோட்டு நூலகங்களுக்கும் சென்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுழலட்டும். செலவு ஒரு வண்டி வாடகைக்கு மேல் அதிகமாகாது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர்ஊராகக் கொண்டுசென்றவர்களுக்கு இதைவிடக் குறைந்த வசதியே இருந்தது.

உடன்பாடு வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. பெண்களுக்கும் முதியவருக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுசென்று தரும் திட்டம் கேரள நூலகக் கவுன்சிலிடம் ஏற்கெனவே இருக்கிறது; வீடுவீடாகச் செல்லும் அந்த ஊழியரின் பையில் தமிழ் நூலும் இருக்க வேண்டும், எந்த வீட்டில் எந்த எழுத்து வாசிக்கப்படுகிறது என்ற குறிப்பும் அவர் ஏட்டில் இருக்க வேண்டும். பணிக்கர் மறைந்த ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கேரளம் 1996 முதல் கொண்டாடுகிறது. எல்லையோர வாயனசாலைகளில் அந்த நாளில் இரு மொழியிலும் உரக்க வாசிக்கும் அமர்வு நடந்தால், ஏடு வாசிப்பைக் கேட்டு வளர்ந்த முதியவர்களும் வந்து அமர்வர். வளர்ந்தோருக்கு மற்ற எழுத்தைக் கற்பிக்கும் மாலை வகுப்பு ஒன்றை, முழு எழுத்தறிவு இயக்கத்தை நடத்திக்காட்டிய ஊர்கள் எளிதில் நடத்த முடியும். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களில் தமிழ்ப் பதிப்பாளருக்கு இடமும், எல்லையோர வாயனசாலைகளின் மானியத்தில் சிறுபான்மை மொழிக்கு ஒரு பங்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பங்கைப் பள்ளிகளின் 40, 10 போன்ற தலைக்கணக்கில் கட்டிவைக்காமல், ஒரே ஒரு வாசகர் கேட்டாலும் நூலைத் தருவித்துக் கொடுக்கும் கடமையாக எழுதுவதே ரங்கநாதனின் இரண்டாம் விதிக்கு நேர்மையானது.

இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் அந்த ஊர்களின் வாசகர்களே. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் உள்ள தமிழ் வாசகர், தம் ஊர் வாயனசாலையில் உறுப்பினராகி, வாங்கவேண்டிய தமிழ் நூல்களின் பட்டியலை எழுத்தில் கொடுக்க வேண்டும். விளவங்கோட்டின் மலையாள வாசகரும் தம் கிளை நூலகத்தில் அவ்வாறே செய்ய வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரளத்தில் அந்தக் கோரிக்கையைத் தமிழிலேயே அரசுக்கும் எழுதலாம். தமிழிலேயே பதிலும் பெறலாம்.